எல்லோரும் அழகு என்று சொன்ன அந்த வெளுப்பு

"உடம்பைப் பற்றி மற்றவர்கள் பேசுவது மனதைப் பாதிக்காமல் இருக்க என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்காமல் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சை நம்புவதை ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு நிறுத்திவிட்டேன்.

கல்யாணம் நிச்சயமானபோது நான் 67 கிலோ. முகூர்த்தத்துக்கு நாலரை மாதம் இருந்தது. "கொஞ்சம் இளைச்சா போட்டோவுல நல்லா இருக்கும்மா" என்றார் பெரியம்மா. பாசமாகத்தான் சொன்னார், அதனால்தான் அது மனதில் அப்படித் தங்கிவிட்டது.

காலையில் வெறும் டீ, மதியம் ஒரு கரண்டி சோறு, இரவு வெள்ளரிக்காய். 55 கிலோவுக்கு வந்தேன். ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. தையல்கடை அக்காவிலிருந்து எதிர்வீட்டு அத்தை வரை பாராட்டாத ஆளில்லை. "கலர்கூட வந்துட்டியே!" என்று ஒருவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

அதே மாதங்களில்தான் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. இரண்டாவது மாடி ஏறுவதற்குள் நெஞ்சு படபடக்கும். பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கல்யாண டென்ஷன் என்றார்கள், நானும் அப்படியே நினைத்தேன். கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம், டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 8.1. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. எனக்கு மாதவிடாயில் எப்போதுமே ரத்தப்போக்கு அதிகம். சாப்பாட்டையும் குறைத்ததில் உடம்பில் சேமிப்பாக இருந்த இரும்புச்சத்தும் தீர்ந்துபோயிருந்தது. அவர்கள் கலர் என்று நினைத்தது ரத்தமில்லாத வெளுப்பு.

இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. "இளைச்சுட்ட" என்று சொல்கிறவர்கள் "படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று ஒருமுறை கேட்டிருந்தால் எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

அப்புறம் மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை. டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பதால் மாத்திரைக்கும் டீக்கும் இடைவெளி விட்டேன். எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொண்டேன். காலைச் சாப்பாட்டை விடுவதே இல்லை. இப்போது ஹீமோகுளோபின் 12.6, எடை 64.

எடையைக் கவனிக்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை நோய், இதய நோய் அபாயம் கூடும். அதனால் மாதம் ஒருமுறை டேப் வைத்து அளக்கிறேன், தினமும் நடக்கிறேன். போட்டோவுக்காக இல்லை.

"மறுபடி வெயிட் போட்டுட்டியே" என்று இப்போதும் சொல்கிறார்கள். "ஆமாம், உடம்பு நல்லா இருக்கு" என்பேன். சில நாள் அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுததும் உண்டு.

என் அக்கா மகளுக்கு 13 வயது. போன பொங்கலுக்கு யாரோ ஏதோ சொல்ல, பொங்கலைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்தே சாப்பிட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளும் கை வைத்தாள்.