அளவுக்குள் அடங்காத பிள்ளையும் சீருடைக் கால்சட்டையும்

வாசகர் கேள்விகள்: தையல் ஆசிரியை பதில் அளிக்கிறார்

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். உயரம் நான்கரை அடி. இடுப்பு 33 அங்குலம். பள்ளி சொன்ன கடையில் அவன் வயதுக்குரிய பேண்ட் இடுப்பில் ஏறவில்லை என்பதால் பெரியவர்கள் அளவில் ஒன்றைக் கொடுத்து, நீளத்தில் 7 அங்குலம் வெட்டித் தந்தார்கள். கால்கள் இரண்டும் பாவாடை போல விரிந்து நிற்கின்றன. இரண்டு மாதத்தில் கவட்டுத் தையல் இரண்டு முறை கிழிந்துவிட்டது. ஆயத்த ஆடையையே வாங்கித் திருத்துவதா, துணி எடுத்துத் தைப்பதா?
— ஒரு தாய், வலங்கைமான்

பதில்: சகோதரி, தங்கள் மகனுக்குத் துணி எடுத்துத் தைப்பதே சரி. காரணத்தைத் தெரிந்துகொண்டால் தையல்காரரிடம் எதைக் கேட்பது என்பதும் தங்களுக்கே விளங்கிவிடும்.

ஆயத்தக் கால்சட்டையில் இடுப்பு அளவு கூடக் கூட நீளம், முழங்கால் நிற்கும் இடம், இடுப்பிலிருந்து கவட்டு வரை உள்ள ஆழம் ஆகிய எல்லாமே சேர்ந்து கூடுகின்றன. 34 அங்குல இடுப்புக்கு வெட்டிய கால்சட்டை ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரை மனத்தில் வைத்து வெட்டப்பட்டது. அதைக் கீழே 7 அங்குலம் வெட்டினால் நீளம் மட்டுமே குறைகிறது. முழங்காலுக்கென்று குறுக்கிய இடம் பிள்ளையின் கெண்டைக்காலுக்கு இறங்கிவிடுகிறது, மேலே இருந்த அகலம் கீழே வந்து நிற்கிறது. தாங்கள் எழுதிய பாவாடைத் தோற்றம் அதனால் வந்ததே. கவட்டு கிழிவதற்கு இறுக்கமே காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் கவட்டு கீழே தொங்கினாலும் கிழியும். தொடைகள் பிரியும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே தையல் தொங்கும்போது, பிள்ளை சைக்கிளில் காலைத் தூக்கிப் போடும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு தையல்தான் முழு இழுப்பையும் தாங்குகிறது.

கையிலுள்ள கால்சட்டைகளை இந்த ஆண்டு ஓட்டிவிடலாம். நடுத்தொடையிலிருந்து கீழ்வரை உள்தையல், வெளித்தையல் இரண்டிலும் சமமாகப் பிடித்து, பாட்டம் சுற்றளவை 15 அங்குலத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் கால் முறுக்கிக்கொள்ளும். கவட்டில் நான்கு தையல்களும் சந்திக்கும் இடத்தைப் பிரித்து, 5 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் உள்ள சாய்சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் கிழிவது நின்றுவிடும். அதற்குரிய துணி, கடையில் வெட்டிப்போட்ட அந்த 7 அங்குலத் துண்டுதான். ஆகவே நீளம் குறைக்கும் எவரிடமும் வெட்டிய துண்டைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். கவட்டு ஆழத்தையே குறைக்கலாமே என்று சிலர் சொல்லுவார்கள். அதற்கு இடுப்புப் பட்டி, ஜிப், பைகள் அனைத்தையும் பிரிக்க வேண்டும். கூலி புதுக் கால்சட்டைக்கு ஆகும் அளவுக்கு வந்துவிடும்.

புதிதாகத் தைப்பதற்கு அளவை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். கூட்டம் நிறைந்த கடையில் நாடாவை வயிற்றில் சுற்றி அளவை உரக்கச் சொல்லும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூனிக் குறுகி வயிற்றை உள்ளிழுத்துக்கொள்வான். அந்த அளவும் பொய்யாகிவிடும். இடுப்பு எது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பிள்ளை அரைஞாண் கட்டியிருந்தால் அது தானாகப் படிந்திருக்கும் இடமே அவனுடைய கால்சட்டை நிற்கப்போகும் இடம். கட்டும் வழக்கம் இல்லையென்றால் ஒரு கயிற்றைத் தளரக் கட்டி, நாலைந்து முறை உட்கார்ந்து எழச் செய்து, கயிறு எங்கே நிற்கிறதோ அங்கே அளவெடுங்கள். நின்றபடி ஒரு முறையும், சம்மணமிட்டு உட்கார்ந்தபடி ஒரு முறையும் அளந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவைக் கொடுங்கள். அடுத்தது, தையல்காரர்கள் சீட் என்று சொல்லும் புட்டத்தின் மிகப் பருத்த இடத்துச் சுற்றளவு. பிறகு தொடைச் சுற்றளவு. கவட்டு ஆழத்துக்கு, பிள்ளையை மர நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, கயிற்றிலிருந்து பலகை வரை பக்கவாட்டில் அளந்து அரை அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். இந்த ஓர் அளவைப் பல கடைகளில் எடுப்பதே இல்லை. இடுப்பையும் நீளத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு மற்றவற்றைப் பழக்கத்தில் வெட்டிவிடுகிறார்கள். ஒல்லியும் பருமனும் இல்லாத உடம்புக்கு அது பொருந்தும். தங்கள் மகனுக்குப் பொருந்தாது.

வயிறு முன்தள்ளிய பிள்ளைக்கு முன்பக்கத்தின் மேல்விளிம்பை அரை அங்குலம் உயர்த்தி வெட்டச் சொல்லுங்கள். இல்லையேல் பட்டி முன்னால் வழுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். முன்புறம் பக்கத்துக்கு ஒரு மடிப்பு இருந்தால் உட்காரும்போது அது விரிந்து கொடுக்கும். பின் நடுத்தையலில் இடுப்பருகே இருபுறமும் ஒன்றரை அங்குலம், பக்கத் தையலில் ஓர் அங்குலம், கீழ்மடிப்பில் மூன்று அங்குலம் உள்ளே துணி விட வேண்டும். இடுப்புப் பட்டியை ஒரே நீளத் துண்டாக வைக்காமல் பின் நடுவில் இணைத்துத் தைக்கச் சொல்லுவது மிக முக்கியம். அப்படித் தைத்தால், அடுத்த ஆண்டு பின் தையலைப் பிரித்து இருபுறமும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்து இடுப்பில் இரண்டு அங்குலம் பெறலாம். பட்டி ஒரே துண்டாக இருந்தால் உள்ளே எவ்வளவு துணி விட்டிருந்தும் பயனில்லை. கவட்டுத் தையலைப் பாலியெஸ்டர் நூலால் இரட்டையாகப் போடச் சொல்லுங்கள்.

58 அங்குல அகலத் துணியில், கால்சட்டை நீளத்தோடு 6 அங்குலம் கூட்டி வாங்கினால் போதும். தங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் பக்கம்தானே. பெரிய தெருவில் துணி எடுக்கப் போகும்போது பழைய கால்சட்டையின் உள்துணியை மாதிரிக்குக் கொண்டுபோங்கள், வெளிப்புறம் வெளுத்திருக்கும். முழுப் பருத்தி என்றால் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே தையலுக்குக் கொடுங்கள். ஏப்ரலிலேயே கொடுத்துவிடுவது நல்லது. ஜூனில் மேட்டூர்த் தண்ணீருக்கு நாம் காத்திருப்பதைப் போலத் தையல்காரர் வாசலிலும் காத்திருக்க நேரும்.

கேள்வி: என் மகனுக்கு நேர் எதிரான தொல்லை. வயது 14, இடுப்பு 24 அங்குலம், நீளம் 39 அங்குலம். நீளத்துக்கு வாங்கினால் இடுப்பில் இன்னொருவர் நுழையலாம். பெல்ட் போட்டு இறுக்கினால் பின்னால் சுருக்குப் பை போல் நிற்கிறது.
— ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இடுப்பைக் குறைக்கக் கொடுத்தால் பெரும்பாலான கடைகளில் பின் நடுத்தையலில் மட்டும் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு அங்குலம் வரை அது சரிதான். அதற்கு மேல் பிடித்தால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். பக்கத் தையல் பின்னால் இழுபடும். ஆகவே 28 அங்குல இடுப்புள்ளதை வாங்கி, பின் நடுவில் இரண்டு அங்குலமும், பக்கத்துக்கு ஓர் அங்குலமுமாகப் பிரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்த துணியை வெட்ட வேண்டாம். இந்த வயதில் ஓராண்டில் மூன்று அங்குலம் வரை வளரும் பிள்ளைகள் உண்டு; உடம்பு சற்றுப் பின்தங்கியே பூசும், ஆனால் பூசும்.

கூலி குறைவாக ஆகவேண்டும் என்றால் பட்டியின் பின்பாதியில் மட்டும் ஓர் அங்குல அகல எலாஸ்டிக்கை நுழைத்து, இருபக்கத் தையலிலும் அழுத்தித் தைத்துவிடலாம். சட்டையை உள்ளே விட்டால் மேலே பெல்ட் மறைத்துக்கொள்ளும். நீளம் போதாமல் வரும் நாளில் கீழ்மடிப்பு முழுவதையும் இறக்கிவிட்டு, உட்புறம் அதே நிறத்தில் இரண்டு அங்குலப் பட்டித் துணியை இணைத்து மடித்தால், மடிப்புக்குள் இருந்த துணி அத்தனையும் நீளமாகிவிடும். பழைய மடிப்புக் கோட்டின் மடியை வினிகர் கலந்த நீரில் நனைத்த துணியை வைத்துத் தேய்த்து எடுக்கலாம். வெளுத்த கோடு போகாது, அந்தக் கோட்டின் மேலேயே அடர்நிற நூலில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆழமான கீழ்மடிப்பு காயாமல் நாற்றமெடுக்கும் என்பதால், உள்புறம் வெளியே வரும்படித் திருப்பி, கால்கள் மேலே இருக்கும்படிக் கொடியில் போடுங்கள்.

கேள்வி: என் பேரன் இடது காலில் கேலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) அணிகிறான். சீருடைக் கால்சட்டை அதன் மேல் ஏறுவதில்லை. ஏறினாலும் முழங்காலில் ஓட்டை விழுகிறது. பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் போலவே அணிய வேண்டும் என்று அவன் ஆசைப்படுகிறான்.
— ஒரு தாத்தா, பாபநாசம்

பதில்: ஐயா, இடது காலின் வெளித்தையலை அடியிலிருந்து முழங்காலுக்கு மேல் நான்கு அங்குலம் வரை பிரித்து, ஜாக்கெட்டுகளில் வரும் இரண்டாகப் பிரியும் பிளாஸ்டிக் ஜிப்பை அங்கே வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கேலிப்பரோடு சேர்ந்த காலணியைக் கழற்றாமலே கால்சட்டையை அணிவிக்கலாம். ஜிப்புக்குப் பின்னால் மெல்லிய பருத்திப் பட்டி ஒன்று இருந்தால் தோலில் உரசாது. ஒட்டிப் பிரிக்கும் நாடாவும் (வெல்க்ரோ) வைப்பதுண்டு. அது நூலைப் பிடித்து இழுக்கும், வகுப்பில் பிரிக்கும்போது சத்தமும் போடும் என்பதால் நான் விரும்புவதில்லை. முழங்கால் மூட்டு இரும்பு உள்ளிருந்து உரசுவதால்தான் ஓட்டை விழுகிறது. ஒட்டுப்போட வேண்டிய இடம் உட்புறமே. பெல்ட் தைக்கும் கனத்த கேன்வாஸ் துணியில் உள்ளங்கை அளவு துண்டு போதும், வெளியே தெரியாது.

பேரன் பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவன் என்றால் புதிதாகத் தைக்கும்போது பின் இடுப்பை ஒன்றரை அங்குலம் உயர்த்தி, முன்னால் அரை அங்குலம் இறக்கச் சொல்லுங்கள்; பின்பைகள் வேண்டாம், அவற்றின் தையல் அழுத்தும். வலது காலிலும் அதே போன்ற ஜிப்பை வைத்துவிட்டால் இரு கால்களும் ஒன்று போலத் தோன்றும். இதைப் பேரனிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். பள்ளியில் எவரேனும் மறுத்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கல்வி நிறுவனங்கள் மாணவரின் தேவைக்கேற்ப நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று சொல்லுவதைக் குறிப்பிட்டுத் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.

கேள்வி: மகன் சாரணர் படையில் சேர்ந்திருக்கிறான். கருநீலக் கால்சட்டை கேட்கிறார்கள். அவன் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாகத் தைக்கலாம். ஆனால் கருநீலம் என்று கேட்டால் கடையில் நாலைந்து நீலங்களை எடுத்துப் போடுவார்கள். குழல்விளக்கின் கீழே அவை அனைத்தும் ஒன்றாகவே தெரியும். படையில் உள்ள மற்றொரு பிள்ளையின் கால்சட்டையைக் கொண்டுபோய், கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கால்சட்டைக்கான துணியை ஒரே உருளையிலிருந்து, ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். அடுத்த உருளையில் நிறம் மாறியிருக்கக்கூடும். பைகளின் எண்ணிக்கையையும் பெல்ட் வளையத்தின் அகலத்தையும் சாரண ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு துணியை வெட்டக் கொடுங்கள்.