வாலும் அண்டாவும்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் சர்வதேச உறவுகள் படிக்கிறேன். பாகிஸ்தானில் புகுந்து பின்லாடனை அமெரிக்கா கொன்றபின், 2011 மே மாதம் அமெரிக்காவின் ஜான் கெர்ரி இஸ்லாமாபாத் போனது பற்றி வகுப்பில் விவாதம் வந்தது. எனக்கு மூன்று கேள்விகள். அப்போது அவர் வெளியுறவு அமைச்சர் அல்ல, வெறும் செனட்டர். எந்த அதிகாரத்தில் இன்னொரு நாட்டின் ராணுவத் தளபதியோடு உட்கார்ந்து பேசினார்? அவர் போய் வந்த ஆறு மாதத்தில் உறவு முன்னைவிட மோசமானது. அப்படியானால் அந்தத் தூது நாடகம்தானே? கடைசியாக, அத்துமீறி வந்து தன் மண்ணில் விழுந்த ஹெலிகாப்டரின் வாலைப் பாகிஸ்தான் அமெரிக்காவிடமே திருப்பிக் கொடுத்தது. மானமுள்ள நாடு அதை அருங்காட்சியகத்தில் அல்லவா வைத்திருக்க வேண்டும்? தூதுக்கெல்லாம் கண்ணன் தூதுதான் முன்மாதிரி என்கிறார் எங்கள் பேராசிரியர்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கண்ணனை விட்டுவிடுங்கள். போர் வந்தே தீரும் என்று தெரிந்துகொண்டு தூது போனவர் அவர். உங்கள் பேராசிரியரிடம் அதை ஒருமுறை மெதுவாக நினைவூட்டுங்கள்.

‘வெறும் செனட்டர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பது சர்வதேச உறவுகள், எழுதுவது ‘வெறும்’! கெர்ரி அப்போது அமெரிக்க மேலவையான செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர். பாகிஸ்தானுக்கு ஆண்டுக்கு 150 கோடி டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு ராணுவம் சாராத உதவி தர 2009-இல் வந்த சட்டத்தில் கெர்ரி, லூகர், பெர்மன் என்று மூன்று பெயர்கள் உண்டு. முதல் பெயர் இவருடையது. பணப்பையின் கயிறு கையில் இருப்பவரை யாரும் வாசலில் நிறுத்திவைப்பதில்லை. (அந்தச் சட்டத்தின் நிபந்தனைகளைப் பார்த்துவிட்டுப் பாகிஸ்தான் தளபதிகள் வெளிப்படையாகவே முகம் சுளித்தார்கள் என்பது வேறு கதை.) இன்னொன்றும் உண்டு. அமைச்சர் ஒன்றைச் சொன்னால் அது அரசின் வாக்கு. செனட்டர் சொன்னது பலித்தால் அரசு எடுத்துக்கொள்ளும், பலிக்காவிட்டால் அது அவருடைய சொந்தக் கருத்து. இப்படி ஒருவர் எல்லாத் தலைநகரங்களுக்கும் தேவைப்படுகிறார்.

நாடகம்தானே என்கிறீர்கள். பாதி நாடகம்தான். அடுத்த கேள்விக்குப் போவோம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் பரணைக் காலி செய்துகொண்டிருந்தேன். எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் ஒரு பித்தளை அண்டா வழிமறித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள்களாக அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவனிடம் நீங்கள் வாலைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். அதனால்தான் இந்தப் பதில்.

2011 மே 2. அபோட்டாபாத்தில் பின்லாடன் இருந்த வீட்டுக்கு நள்ளிரவில் வந்த ஹெலிகாப்டர்களில் ஒன்று வளாகச் சுவரை ஒட்டி விழுந்தது. அமெரிக்க வீரர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். வால் மட்டும் சுவருக்கு வெளியே தப்பிவிட்டது. விடிந்ததும் உலகமே அந்த வாலைப் பார்த்தது. அதன் சுழலி நடுவில் தட்டுபோல ஒரு மூடி. அப்படி ஒரு ஹெலிகாப்டர் இருப்பதாக அதுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ராடார் கண்ணில் படாமல் இருக்கச் செய்த வேலைப்பாடு என்றார்கள் நிபுணர்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிதறிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாகிஸ்தான் ராணுவம் வந்து வாலை மூடி எடுத்துக்கொண்டு போனது.

பாகிஸ்தானுக்கு அது எப்படிப்பட்ட மாதம் என்று யோசித்துப் பாருங்கள். நட்பு நாடு என்று சொல்லிக்கொண்டிருந்தவன் சொல்லாமல் வீடு புகுந்திருக்கிறான். உள்ளே ஒளிந்திருந்தவனோ அப்படிப்பட்டவன். தெரிந்தே வைத்திருந்தோம் என்றாலும் அவமானம், தெரியாது என்றாலும் அவமானம். 13-ஆம் தேதி நாட்டின் வடமேற்கில் உள்ள ஷப்கதரில் குண்டு வெடித்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பயிற்சி முடித்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த துணைராணுவ இளைஞர்கள். 14-ஆம் தேதி நாடாளுமன்றம் அமெரிக்காவைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. மறுநாள் இரவு கெர்ரி போய் இறங்குகிறார். தளபதி கயானியைப் பார்க்கிறார், பிறகு அதிபர் சர்தாரியையும் பிரதமர் கிலானியையும். வெளியே வந்து, பின்லாடனைக் கொன்றதற்கு மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை என்று சொல்கிறார். உங்கள் அணு ஆயுதங்கள்மேல் எங்களுக்குக் கண் இல்லை என்பதை ரத்தத்தால் எழுதித் தரவும் தயார் என்று சொன்னதாகவும் செய்தி வந்தது. இதையெல்லாம் மறந்துவிடலாம். கையில் எடுத்துக் காட்டும்படியாக அந்தப் பயணத்தில் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். வால் திரும்பி வரும்.

நீங்கள் இதை மானக்கேடு என்கிறீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் உட்கார்ந்து யோசியுங்கள், ஆர். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. பத்தாண்டுகளாகப் பாகிஸ்தான் கீழ்க்கை. உதவிப்பணம், ராணுவத் தளவாடம், சேவைக்கட்டணம் எல்லாமே வாங்கியது. கொடுத்ததெல்லாம் பாதை, தளம், உயிர்கள். அவற்றைக் கொடை என்று எவரும் கணக்கில் எழுதவில்லை. இப்போது வாஷிங்டன் தானாகவே வந்து, தயவுசெய்து தாருங்கள் என்று கேட்கும்படியான ஒரு பொருள், தானாகவே வானத்திலிருந்து விழுந்து, பாகிஸ்தானின் கிடங்கில் கிடக்கிறது. அதைக் கொடுத்த அந்த வாரம்தான் பாகிஸ்தானின் கை மேலே இருந்தது. அருங்காட்சியகத்தில் வைத்திருந்தால் வெறும் இரும்பு. ‘மன்னிப்புக் கேள்’ ‘கேட்க மாட்டேன்’ என்று இரண்டு பேரும் மேஜைக்கு இருபுறமும் உறைந்துபோயிருந்த நேரத்தில், சொல்லை ஒதுக்கிவிட்டுப் பொருளைக் கேட்டாரே கெர்ரி, அங்கேதான் அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

கொடுப்பதற்குமுன் சீனர்களுக்குக் காட்டிவிட்டார்கள் என்று ஆகஸ்டில் ஒரு லண்டன் நாளிதழ் எழுதியது. பாகிஸ்தான் மறுத்தது. எனக்கு அந்தச் செய்தியைப் படித்ததும் எங்கள் அண்டாதான் ஞாபகம் வந்தது.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே சுவர், இரண்டு வீடு. கிணற்றுப் பங்கில் தொடங்கிய சண்டை எங்கெங்கோ போயிருந்தது. அதற்குமுன் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு வாங்கிப்போன எங்கள் அண்டா அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. அம்மா சீர் கொண்டுவந்த அண்டா. விளிம்பில் என் ஆச்சியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

ஒரு நாள் அப்பாவின் அத்தை பஸ் பிடித்து வந்து இறங்கினார். கையில் சுருக்குப்பை, அதில் பாதி வெற்றிலை. உங்கள் பாஷையில் ‘வெறும்’ அத்தை. எந்தச் சொத்திலும் அவருக்குப் பங்கில்லை. அப்பா தன் கட்சியை ஒன்றுவிடாமல் சொல்லி, “அண்ணன் இந்த வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று முடித்தார். கிழவி வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே, “அது கிடக்கட்டும். அந்த அண்டா யாருடையது?” என்றார்.

கொல்லைப்புறமாகப் போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். பின்னால் பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புளி பார்க்காமல் கறுத்திருந்தது. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. அம்மா அதைச் சாய்த்து, வெளிச்சத்தில் திருப்பி, விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஒடுக்கில் வந்து நின்றாள். வாயைத் திறக்கப் போனாள். “பெயர் இருக்கிறதல்லவா? உள்ளே கொண்டு போ” என்றார் கிழவி. அன்று மாலை பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு அப்போதும் வரவில்லை. நாடகம்தானே என்று கேட்பீர்கள்.

சொல்லைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஆண்டிலேயே உதாரணம் இருக்கிறது. நவம்பர் 26, சலாலா. ஆப்கானிஸ்தான் எல்லைச் சாவடியில், அமெரிக்கா தலைமையிலான நேட்டோ கூட்டணியின் விமானத் தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தார்கள். கராச்சியிலிருந்து ஆப்கானிஸ்தானில் இருந்த நேட்டோ படைகளுக்குப் போகும் சரக்குப் பாதையைப் பாகிஸ்தான் அடைத்தது, அமெரிக்கர்கள் பயன்படுத்திவந்த ஷம்சி விமானத் தளத்தைக் காலி செய்யச் சொன்னது. வாஷிங்டன் வருத்தம் என்றது, இரங்கல் என்றது, ‘ஸாரி’ மட்டும் வாயில் வரவில்லை. வேறு வழியாகச் சரக்கைச் சுற்றி அனுப்புவதால் மாதம் 10 கோடி டாலர் கூடுதல் செலவு என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பனெட்டாவே சொன்னார். ஏழு மாதம் கழித்து, 2012 ஜூலை 3 அன்று, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் தொலைபேசியில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஹினா ரப்பானி கரிடம் அந்தச் சொல்லைச் சொன்னார். அதுவும் உங்கள் ராணுவத்துக்கு நேர்ந்த இழப்புகளுக்கு வருந்துகிறோம் என்றுதான், நாங்கள் செய்ததற்கு என்று அல்ல. பாதை திறந்தது.

அதற்காகச் சொல்லே வேண்டாம் என்று நான் சொல்வதாக வகுப்பில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். இதே கெர்ரி 2011 பிப்ரவரியில் லாகூர் போனார். ரேமண்ட் டேவிஸ் என்ற அமெரிக்கர் நடுத்தெருவில் இருவரைச் சுட்டுக் கொன்றிருந்தார். அவரை மீட்க விரைந்துவந்த தூதரக வண்டி மோதி மூன்றாவது ஒருவரும் இறந்தார். சுடப்பட்டவர்களில் ஒருவரின் மனைவி, சின்னப்பெண், ரத்தத்துக்கு ரத்தம் வேண்டும் என்று சொல்லிவிட்டு விஷத்தில் உயிரை விட்டிருந்தாள். கெர்ரி அங்கே முதலில் சொன்னது துக்கத்தைத்தான். டேவிஸ் தூதரகப் பணியாளர் என்று வாஷிங்டன் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் அவர் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஒப்பந்த ஆள் என்பது அச்சில் வந்துவிட்டது. மார்ச் 16 அன்று, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ரத்த ஈட்டுத்தொகை கொடுத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். எனக்கு அந்தக் கணக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும்படியாக அங்கே எந்தப் பொருளும் இல்லை.

அண்டாவுக்கு வருகிறேன். இரண்டு வருடம் போயிருக்கும். பெரியப்பாவின் கடைசி மகன் கொல்லைப்பக்கம் வந்து நின்று, அக்காவுக்கு வளைகாப்பு, அம்மா அண்டா கேட்டார்கள் என்றான். அப்பா திண்ணையில் நாளிதழை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தார். வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. அம்மா எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் திரும்பி வந்தது, ஒடுக்கு எடுத்து, உள்ளே புதிதாக ஈயம் பூசி.