கறுப்புப் பொடியாக உதிரும் வெள்ளி: முதலில் தராசைப் பாருங்கள்

கேள்வி: முதுநிலைத் திட்டப்பணிக்காக 7 கிராம் அலுமினியத்தையும் 3 கிராம் வெள்ளியையும் உருக்கி, இரும்பு அச்சில் ஊற்றி, அலுமினியம் மட்டும் கரைந்து வெள்ளி மிஞ்சட்டும் என்று அந்தக் கட்டியை 20 சதவீத எரிசோடாக் (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் இட்டேன். நுண்துளை வெள்ளித் துண்டுக்குப் பதிலாகக் கறுப்புப் பொடிதான் மிஞ்சியது. அதிவேகமாக உறைய வைத்த நாடாவைப் பயன்படுத்தினால் சரியாகுமா?

பதில்: நாடா உதவும், ஆனால் இதே விகிதத்தில் வார்த்தால் நாடாவும் உதிரும். ஆய்வுக் கட்டுரைகள் கலவையைப் பெரும்பாலும் அணு சதவீதத்தில், அதாவது நூறு அணுக்களில் எத்தனை என்ற கணக்கில், குறிக்கின்றன. நீங்கள் எடையில் 30 சதவீதம் வெள்ளி எடுத்திருக்கிறீர்கள். வெள்ளி அணுவின் நிறை (107.87) அலுமினிய அணுவின் நிறையைப் (26.98) போல ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதால், உங்கள் கட்டியில் நூறு அணுக்களுக்குப் பத்துக்கும் குறைவானவையே வெள்ளி. இரண்டின் பருமனும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே அலுமினியம் முழுவதும் கரைந்தபின், பழைய கன அளவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நிரப்பும் வெள்ளி இழைகளின் எலும்புக்கூடு நிற்க வழியில்லை. 30 அணு சதவீதம் வேண்டுமானால் 10 கிராமுக்கு 6.31 கிராம் வெள்ளியும் 3.69 கிராம் அலுமினியமும் நிறுக்க வேண்டும். கைச்செலவு இரட்டிப்பாகும், வேறு வழியில்லை.

இனி உறைதல். மெதுவாகக் குளிரும் கட்டியில் அலுமினியம் மிகுந்த திண்மக் கரைசலும் (வெள்ளி அணுக்கள் கலந்த திட அலுமினியம்), இரண்டு வெள்ளிக்கு ஓர் அலுமினியம் என்ற அளவிலான சேர்மமும் தனித்தனித் திட்டுகளாகப் பருத்துவிடுகின்றன. முன்னது விரைவில் கரைந்து பெரும் பள்ளங்களை விட்டுச்செல்ல, பின்னது தாமதமாகக் கரைவதால் துளைகள் சீராக அமைவதில்லை. சுழலும் செப்புச் சக்கரத்தின் மீது, ஆர்கான் சூழலில், உருகலைப் பீய்ச்சும்போது நொடிக்கு லட்சம் முதல் பத்து லட்சம் கெல்வின் வரை வெப்பநிலை இறங்குகிறது. திட்டுகள் மிக நுண்ணியவையாகவே நின்றுவிடுகின்றன. 20 செ.மீ. விட்டச் சக்கரம் நிமிடத்துக்கு 2000 முறை சுற்றினால் விளிம்பின் வேகம் நொடிக்கு சுமார் 21 மீட்டர். நாடாவின் தடிமன் சில பத்து மைக்ரான் அளவில் அமையும். மெல்லிய நாடா என்பதால் கரைசல் நடுப்பகுதி வரை எளிதில் எட்டுகிறது. உருக்கும்போது வெள்ளி அடியில் தங்கும் என்பதை மறவாமல், முதலில் வார்த்த கட்டியைப் புரட்டி மீண்டும் ஓரிரு முறை உருக்கிய பிறகே நாடாவாக்குங்கள்.

கரைசலைப் பொறுத்தவரை, எரிசோடா, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டுமே அலுமினியத்தை நீக்கும். குளோரைடு அயனிகள் வெள்ளி அணுக்களின் மேற்பரப்பு நகர்வைத் தூண்டுவதால் அமிலத்தில் இழைகள் தடிப்பாகும். நாடா சிதறாமல் முழுத் துண்டாக வேண்டும் என்பவருக்கு நான் அமிலத்தையே பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தாலும் ஒரு கிராம் அலுமினியம் கரையும்போது அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1.36 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். ஆகவே புகைபோக்கி அறையில், சுடர் ஏதுமின்றி, நாடாவைச் சிறுசிறு துண்டுகளாக இடுங்கள்; மொத்தமாகக் கொட்டினால் கிளம்பும் சூட்டிலேயே இழைகள் பருத்துவிடும். எரிசோடாவில் செய்தால் முதல் அலசலை நீர்த்த எரிசோடாவிலேயே செய்யுங்கள். எடுத்தவுடன் வெறும் நீர் ஊற்றினால், துளைகளில் தங்கிய அலுமினேட்டு (எரிசோடாவில் கரைந்த அலுமினியம்) வெண்மையான ஹைட்ராக்சைடு கூழாகப் படிந்து துளைகளை அடைக்கக்கூடும்.