கடைக்குத் திறப்பு விழாவா, தொடக்க விழாவா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பள்ளத்தூர் வீட்டில் எங்கள் ஆயா காலத்திலிருந்தே பலகாரம் சுட்டு விற்கிறோம். இப்போது காரைக்குடியில் கடை போடுகிறோம். அழைப்பிதழ் அடிக்கப் போனால் அச்சகத்தில் துவக்க விழா என்கிறார்கள், வீட்டுக்காரர் தொடக்க விழா என்கிறார், மாமா ஆரம்ப விழா என்றே போடு என்கிறார். அன்றைக்கே கவுனி அரிசித் தேன்குழல் என்று ஒரு புதுப் பலகாரமும் வருகிறது, வலைத்தளத்திலும் ஆர்டர் எடுக்கப் போகிறோம். எதற்கு எந்தச் சொல் போடுவது?"

முதலில் தலைப்பு. 'திறப்பு விழா' என்று போடுங்கள். மற்ற மூன்றும் நல்ல சொற்கள்தான், உங்கள் கதைக்குத்தான் பொருந்தவில்லை. உங்கள் தொழில் ஆயா அடுப்பு மூட்டிய நாளிலேயே தொடங்கிவிட்டது, இப்போது நடப்பது கடைக் கதவைத் திறப்பது. தொடக்க விழா என்று அச்சடித்தால், உங்களைத் தெரியாத ஒருவர் இதைப் புத்தம் புது வியாபாரம் என்றுதான் எடுத்துக்கொள்வார். இத்தனை வருடக் கைப்பக்குவத்தை நீங்களே மறைத்த மாதிரி ஆகிவிடும். தலைப்புக்குக் கீழே 'பள்ளத்தூரில் ஆயா காலம் தொட்டு' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இரண்டும் சரியாக நிற்கும்.

இந்த மாதிரிச் சொற்களில் குழப்பம் வந்தால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அன்றைக்கு அங்கே கையால் என்ன செய்யப் போகிறார்கள்? கல் நடுகிறார்களா, கதவு திறக்கிறார்களா, ஒரு வேலையை முதல்முதலாகச் செய்கிறார்களா, இல்லை தெரியாத ஒன்றைத் தெரியவைக்கிறார்களா? அந்த வினையிலிருந்தே சொல் வந்துவிடும். உங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நாம் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நிறுவனம் ஒன்றுதான், ஆனால் முதல் நாளுக்குத் திறப்பு விழா என்றோ இரண்டாம் நாளுக்கு அடிக்கல் நாட்டு விழா என்றோ யாரும் எழுத முடியாது. பிற்பாடு நீங்கள் பலகாரக் கூடம் ஒன்று கட்டினால், பூமி பூஜை நாளுக்கு 'கால்கோள் விழா' என்று போடலாம், அழகான பழைய சொல். சிலப்பதிகாரத்தில் கண்ணகி சிலைக்காக இமயத்தில் கல் எடுக்கும் பகுதிக்குக் கால்கோட் காதை என்றுதான் பெயர்.

சரி, துவக்கமா தொடக்கமா? இதில் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். பழைய வடிவம் தொடங்கு, வள்ளுவரும் "தொடங்கற்க எவ்வினையும்" என்றுதான் எழுதினார். துவங்கு, துவக்கம் எல்லாம் வழக்கில் வந்து நிலைத்துவிட்டவை, அவற்றைத் தப்பு என்று அடித்துத் திருத்த மாட்டேன், ஆனால் ஒரே அழைப்பிதழில் மேலே துவக்கம் கீழே தொடக்கம் என்று கலந்து வரக் கூடாது. இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு, யாரும் கவனிப்பதில்லை. அடங்கு–அடக்கு, ஒதுங்கு–ஒதுக்கு போலத்தான் தொடங்கு–தொடக்கு. விற்பனை தானாகத் தொடங்கும், ஒருவர் அதைத் தொடக்கி வைப்பார். பத்திரிகைகளில் 'தொடங்கி வைத்தார்' என்று தினமும் வருகிறது, பழகியும் போய்விட்டது, இருந்தாலும் காலத்துக்கும் எடுத்து வைக்கப் போகிற அழைப்பிதழில் 'முதல் விற்பனையைத் தொடக்கி வைப்பவர்' என்று போடுவதைத்தான் நான் விரும்புவேன். கடைக்கு 'திறந்து வைப்பவர்', விளக்குக்கு 'குத்துவிளக்கு ஏற்றுபவர்', வாங்குகிறவருக்கு 'முதல் விற்பனையைப் பெற்றுக்கொள்பவர்'. மாமா சொன்ன ஆரம்பம் பேச்சுக்கு நன்றாக இருக்கும், "கடை ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லாத ஆளே இல்லை, ஆனால் விழாவோடு சேர்த்தால் எடுப்பாக இல்லை.

அடுத்தது தேன்குழல். இதற்கு 'அறிமுகம்'. அறிந்த முகமாக ஆக்குவது, ஊர் அறியாத பலகாரத்துக்கு அதுதானே தேவை? வெளியீடு என்பது புத்தகத்துக்கும் பாட்டுக்கும் இருக்கட்டும், அரங்கேற்றம் மேடை ஏறுகிற கலைக்கு. 'அறிமுகப்படுத்தப்படுகிறது' என்று நீட்டாமல் 'எங்கள் கவுனி அரிசித் தேன்குழலை அன்று அறிமுகம் செய்கிறோம்' என்று நேராக எழுதுங்கள், யார் செய்கிறார்கள் என்பதும் தெரியும். புதிது என்பதைக் காட்ட 'புதுமை விழா' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். வெளியூரில் பரவாயில்லை, நம் பக்கத்தில் புதுமை என்றால் பெண்பிள்ளைகளுக்குச் செய்கிற திருவாதிரைப் புதுமைதான் முதலில் நினைவுக்கு வரும், உங்கள் வீட்டில் பேத்திக்கு ஏதோ செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு ஆச்சிமார் கிளம்பி வருவார்கள்.

விலை போடுவதிலும் கவனம் வேண்டும். 'ஆரம்ப விலை 120 ரூபாய்' என்றால் அதற்கு மேலேதான் மற்றதெல்லாம் என்று வாடிக்கையாளர் படிப்பார். 'அறிமுக விலை 120 ரூபாய்' என்றால் இப்போதைக்கு இந்த விலை, பின்னால் ஏறும் என்று புரிந்துகொள்வார். இரண்டும் வேறு வாக்குறுதிகள். மாற்றிப் போட்டால் கல்லாப் பெட்டியடியில் தினமும் வாக்குவாதம்தான்.

வலைத்தளத்துக்கு ஒரு யோசனை. முதல் கொஞ்ச நாள் சொந்தக்காரர்களிடம் மட்டும் ஆர்டர் எடுத்து, பணம் சரியாக வருகிறதா, பார்சல் உடையாமல் போகிறதா என்று பாருங்கள். இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது, வெள்ளோட்டம். கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால் சுவாமியை ஏற்றுவதற்கு முன்னால் வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பார்களே, அதேதான். அந்த நாட்களில் தளத்தின் முகப்பில் 'வெள்ளோட்டம் நடக்கிறது, குறை இருந்தால் சொல்லுங்கள்' என்று போடலாம். எல்லாருக்கும் திறந்துவிடும் நாளில் 'இணைய விற்பனை தொடக்கம்' என்று போடுங்கள். உங்கள் மூன்று விஷயங்களில் உண்மையிலேயே முதல்முதலாகத் தொடங்குவது இது ஒன்றுதான், அதனால் தொடக்கம் இங்கே பொருத்தமாக உட்காரும்.

பேனருக்கு 'காரைக்குடியில் உதயம்' என்று கேட்பார்கள், வைத்துக்கொள்ளுங்கள், தூரத்திலிருந்து படிக்க நன்றாக இருக்கும். அழைப்பிதழுக்கு வேண்டாம், உதயத்தை யாரும் திறந்து வைக்க முடியாது.

அச்சுக்குப் போகும் முன் ஒற்றுகளைப் பாருங்கள். பலகாரக் கடை, புதுப் பலகாரம், அரிசித் தேன்குழல் மூன்றிலும் ஒற்று வேண்டும், திறப்பு விழாவில் கிடையாது.