ப்ளாண்டில் சும்மா இருக்கும் நாட்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப். முதல் நாள் சேஃப்டி வகுப்பு எடுத்து, ஹெல்மெட் கொடுத்து, ப்ளாண்டை ஒரு சுற்று காட்டினார்கள். அதோடு சரி. இரண்டு வாரமாக ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். யாரைக் கேட்டாலும் "இருப்பா, வரேன்" என்கிறார்கள். வருவதில்லை. எப்போதாவது ஜெராக்ஸ் எடுக்க அனுப்புவார்கள். வீட்டில் "இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட?" என்று அப்பா கேட்கும்போது பதில் வருவதில்லை. சீனியர் ஒருவர், "போன வருஷ ரிப்போர்ட் தரேன், பேரை மாத்தி வச்சுடு, சர்டிபிகேட் எப்படியும் வந்துடும்" என்கிறார். மீதி நாட்கள் போகாமல் இருந்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்த ரிப்போர்ட்டையும் கையால் தொடாதீர்கள்.

நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பது உங்கள் குற்றம் இல்லை. இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கிவிட்டு, இடத்தை நீயே தேடிக்கொள் என்று கைகழுவும் கல்லூரிகள் உண்டு. தெரிந்தவர் சொன்னார் என்று மாணவனை உள்ளே எடுத்துவிட்டு, அவனுக்கு யார் பொறுப்பு என்பதையே முடிவு செய்யாத கம்பெனிகளும் உண்டு. இந்த இரு தரப்பின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளையின் ஒரு மாதம் லேசான விஷயம் இல்லை.

ஆனால் "இருப்பா, வரேன்" என்று சொல்லும் மனிதரை மன்னித்துவிடுங்கள். அவருக்கு ரியாக்டரில் பேட்ச் ஓடிக்கொண்டிருக்கும், வாசலில் டேங்கர் நிற்கும், மெயின்டனன்ஸ் ஆட்கள் பெர்மிட்டில் கையெழுத்துக்குக் காத்திருப்பார்கள். வால்வைத் திருப்பச் சொல்லி உங்களிடம் அவர் வேலை கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. கொடுத்தால்தான் நான் பயப்படுவேன். அதனால் "ஏதாவது வேலை கொடுங்க சார்" என்று போய் நிற்காதீர்கள். அவரால் யோசிக்காமல் "சரி" என்று சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். "சார், கூலிங் டவர் லாக் ஷீட்டை நான் தினமும் பார்க்கலாமா?"

ஆலையில் சூடான தண்ணீரைக் காற்றில் குளிரவைக்கும் கோபுரம்தான் கூலிங் டவர், அதன் அளவுகளை எழுதி வைக்கும் தாள்தான் லாக் ஷீட். அதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரியாக்டருக்குள் நடப்பது கம்பெனியின் ரகசியம், உங்களுக்கு எளிதில் காட்ட மாட்டார்கள். கூலிங் டவர் எந்த ஆலையிலும் ஓரமாகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு நிற்கும். யாரும் மறைப்பதில்லை. சூடாக வரும் தண்ணீர் எத்தனை டிகிரி, குளிர்ந்து போகும் தண்ணீர் எத்தனை டிகிரி, பம்ப் பிரஷர் எவ்வளவு என்று ஆபரேட்டர் வேளாவேளைக்கு எழுதி வைப்பார். அநேகமாக யாரும் அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. இந்த மே மாதத்துத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொன்றையும் எழுதுங்கள்: காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாயான விண்ட் சாக் எத்தனை மணிக்குத் திரும்பியது?

கடலூரின் கோடைக் காற்று உங்களுக்குத் தெரியும். முற்பகல் முழுக்க மேற்கிலிருந்து காய்ந்த அனல். மதியத்தை ஒட்டிக் கடல்காற்று ஏறும். அக்னி நட்சத்திரத்தில் சில நாள் இரண்டு மணி ஆனாலும் ஏறாமல் படுத்தும். ஏறியதும் விண்ட் சாக் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆட்கள் "அப்பாடா" என்பார்கள். கூலிங் டவருக்கும் அப்பாடாதானே என்று நினைக்கத் தோன்றும். லாக் ஷீட் வேறு கதை சொல்லும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் வெட் பல்ப் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது) சுமார் 24 டிகிரி. கடல்காற்று வந்து வெயில் 34 டிகிரிக்கு இறங்கி, ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு ஏறினால் வெட் பல்ப் சுமார் 29. கூலிங் டவர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் தண்ணீரை வெட் பல்ப்புக்குக் கீழே கொண்டுபோக முடியாது. வழக்கமாக அதற்கு மூன்று முதல் ஐந்து டிகிரி மேலேயே நின்றுவிடும். ஆக, மனிதருக்குச் சுகமான நேரத்தில் டவரிலிருந்து வரும் தண்ணீர் சூடாகிறது. காய்ந்த காற்றில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும், புழுக்கத்தில் வெதுவெதுப்பாகக் கிடப்பதும் இதே கதைதான்.

இத்தோடு நிற்கவில்லை. அந்தத் தண்ணீர்தான் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சருக்குப் போகிறது. அது நான்கைந்து டிகிரி சூடாகப் போனால் சால்வென்ட் (கரைப்பான்) ஆவி முழுதாகக் குளிராது. வேக்குவம் (உள்ளே உள்ள வெற்றிடம்) தளரும். குளிராத ஆவியில் கொஞ்சம் வென்ட் என்ற போக்குக்குழாய் வழியாக வெளியே போகும். அதே நேரம் காற்று கடலிலிருந்து ஊர்ப்பக்கம் வீசிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004இலிருந்து தாங்களே காற்றைக் கண்காணித்திருக்கிறார்கள். மீன்பிடிப்பவர்களும் விவசாயம் செய்பவர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில், எந்தப் பக்கம் காற்று அடிக்கும்போது, என்ன மாதிரி நாற்றம் வந்தது என்று குறித்து வைத்தார்கள். யாரும் அவர்களுக்கு சர்டிபிகேட் தரவில்லை. பட்டம் இல்லாதவர்கள் மதில் சுவருக்கு வெளியே நின்றுகொண்டு இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்றால், கேட் பாஸோடு உள்ளே உட்கார்ந்திருக்கும் நீங்கள் எவ்வளவு பார்க்கலாம்! எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருக்கிறது. உங்கள் மேல் இல்லை, இதையெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்று.

அப்புறம் ஆட்கள். பதில் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஏ.சி. அறையில் இருப்பதில்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு இருபது வருஷமாக ஒரே பம்ப்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆபரேட்டரிடம் போங்கள். ஷிப்டு மாறும் இரண்டு மணிக்குப் போகாதீர்கள். ஒருவர் சொல்ல இன்னொருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ளும் நேரம் அது, நடுவில் நிற்கக் கூடாது. டீ வரும் நேரத்தில் போய், "அண்ணே, ரெண்டு பம்ப்ல ஒண்ணு ஏன் நிக்குது?" என்று கேளுங்கள். "அது ஸ்டாண்ட்பை தம்பி" என்று ஆரம்பிப்பார். ஸ்க்ரூ டிரைவர் முனையை பேரிங் இருக்கும் கூட்டின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். சீராக உறுமினால் நல்லது, உள்ளே மணல் அரைபடுவது போலக் கேட்டால் பேரிங்குக்கு நாள் நெருங்கிவிட்டது. இதை அவர் செய்யும்போது பாருங்கள், ஓடும் மெஷின் அருகே நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கோடையில் ஷட் டவுன் எடுத்து டேங்குகளைத் திறந்து வைத்திருப்பார்கள். உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கும். மேன்ஹோலுக்குள் தலையை நீட்டாதீர்கள். உள்ளே நைட்ரஜன் நிறைந்திருக்கலாம், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார், காப்பாற்றப் போனவரும் பின்னாலேயே விழுவார். இன்னொன்று, சைரன் அடித்தால் விண்ட் சாக்கைப் பாருங்கள். காற்று போகும் திசையிலேயே ஓடாமல், குறுக்காக விலகி அசெம்பிளி பாயின்ட்டுக்குப் போங்கள்.

ரிப்போர்ட் விஷயம். சீனியர் தரும் ரிப்போர்ட்டில் என்ன இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும்: கம்பெனி வரலாறு, நிர்வாக அமைப்பு, இணையத்திலிருந்து எடுத்த ஃப்ளோ டயகிராம். உங்களுடையது பத்தே பக்கம் இருக்கட்டும். மணி வாரியாகத் தண்ணீரின் வெப்பநிலை ஒரு கோடு, வெட் பல்ப் ஒரு கோடு, காற்று திரும்பிய நேரத்தில் ஒரு குறி. இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறினால் நான் சொன்னது உங்கள் ப்ளாண்டில் சரி. தண்ணீர் மட்டும் தனியாக ஏறினால் டவரில் வேறு கோளாறு இருக்கலாம். ஃபில் (டவருக்குள் தண்ணீரைப் பரப்பிவிடும் அடுக்குகள்) அடைத்திருக்கலாம், தண்ணீர் சரியாகப் பரவாமல் இருக்கலாம். அதைச் சொல்லுங்கள், "இருப்பா" என்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

போன் உள்ளே அனுமதி இருக்காது, இருந்தாலும் லாக் ஷீட்டைப் படம் எடுக்காதீர்கள். நோட்டில் கையால் எழுதுங்கள். ரிப்போர்ட்டில் சேர்க்கும் முன் அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எண்கள் வெளியே போகக் கூடாது என்று சொன்னால், எண்ணை எடுத்துவிட்டுக் கோட்டின் வடிவத்தை மட்டும் வைக்க அனுமதி கேளுங்கள். வரைந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்