மறுமலர்ச்சிக் காலக் கன்னியர் மடம்: சீர் கொடுக்க வழியில்லாத பெண்களைத் தள்ளிவிட்ட இடம்தானா?

மறுமலர்ச்சிக் காலத்தில் கன்னியர் மடங்களில் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு விட்டிருந்தால் நான் கடந்துபோயிருப்பேன். "கல்யாணம் செய்துவைக்க வசதியில்லாத வீட்டார் பெண்களைத் தள்ளிவிட்ட இடம்தானே அது?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இல்லாவிட்டால் கத்தோலிக்கப் பெண் என்பதால் மடத்துக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்பார்கள்.

அன்றைய இத்தாலியில் சீர்ப்பணம் அப்பன்மாரை நசுக்கியது. புளோரன்ஸ் நகர அரசு 1425இல் இதற்கென்றே ஒரு சேமிப்பு நிதி தொடங்கியது. பெண் குழந்தையாக இருக்கும்போது பணம் போட்டால் கல்யாண வயதில் பெருகிக் கிடைக்கும். மடமும் சும்மா சேர்த்துக்கொள்ளாது, அங்கேயும் பணம் கட்ட வேண்டும். ஆனால் அது மாப்பிள்ளை வீட்டார் கேட்பதைவிட மிகக் குறைவு. ஆகவே நல்ல குடும்பங்களில்கூட ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு மற்றவர்களை மடத்துக்கு அனுப்புவது வழக்கமானது. திருச்சபைக்கும் இது தெரியும். 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் (கத்தோலிக்க ஆயர்கள் கூடிய மாநாடு), 16 வயது முடியாமல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுக்கக் கூடாது, ஆயர் அந்தப் பெண்ணிடமே சம்மதமா என்று கேட்டறிய வேண்டும், கட்டாயப்படுத்துகிறவர்கள் திருச்சபைக்குப் புறம்பாக்கப்படுவார்கள் என்று சட்டம் போட்டது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் போட மாட்டார்கள். அதே சங்கம்தான் கன்னியர் மதிலைத் தாண்டக் கூடாது என்பதையும் இறுக்கியது. சட்டத்துக்குப் பிறகும் பெண்களைத் தள்ளுவது நிற்கவில்லை. வெனிஸில் 1604இல் பிறந்த ஆர்க்காஞ்சலா தரபோத்தி விருப்பமில்லாமல் மடத்தில் விடப்பட்டவர். அப்பன்மாரையும் வெனிஸ் அரசையும் நேராகக் குற்றம்சாட்டி எழுதினார். அந்த நூல் அவர் இறந்து 2 ஆண்டுகள் கழித்து, 1654இல், புனைபெயரில்தான் அச்சில் வந்தது.

சரி, இப்போது என் கதை. நாங்கள் மூன்று பெண்கள். அப்பா தொடக்கப்பள்ளி வாத்தியார். மூத்த அக்கா நர்சிங் முடித்துவிட்டு கன்னியர் சபையில் சேர்ந்தாள். அவளுடைய முதல் வார்த்தைப்பாட்டு விருந்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு உறவுக்காரர் ஒருவர், "வாத்தியார் கணக்காத்தான் பண்ணியிருக்காரு. மூணுல ஒண்ணைக் கோயிலுக்குக் குடுத்தாச்சு, நகை மிச்சம்" என்றார். அப்பா காதில் விழும்படியே சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

நடந்தது என்ன தெரியுமா? அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்து, நகையும் செய்து வைத்திருந்தார்கள். அவள் மறுத்துவிட்டாள். அப்பா மடத்துக்கே போய் தலைவியான மதரிடம், பெண்ணைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டார். "அவளையே கேளுங்கள் சார்" என்று மதர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவள் வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள். ரொம்ப நாள் அப்பா அவளோடு பேசவில்லை. அந்த நகை பிறகு என் கல்யாணத்துக்கு வந்தது. அதனால்தான் அந்தப் பந்திப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. யாராவது கன்னியர் மடம் என்றால் சீர்க்கணக்கு என்று ஆரம்பித்தால் உடம்பு பதறுகிறது. அந்த ஆத்திரத்தில்தான் பழைய மடங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, ஆனால் மேலோட்டமாகப் படித்தவளும் இல்லை.

படித்ததில் என்னை உலுக்கியது, உள்ளே அவர்கள் செய்த வேலை. புளோரன்ஸில் ரிப்போலி மடத்தில் 1476இலிருந்து சில ஆண்டுகள் அச்சகம் நடந்தது. அச்சு இயந்திரம் இத்தாலிக்கு வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. அங்கே எழுத்துக் கோத்தவர்களில் கன்னியரும் உண்டு. அதே நகரில் புனித சியன்னா கத்தரீனம்மாள் பெயரில் இருந்த, தொமினிக் துறவற சபையைச் சேர்ந்த மடத்தில் ப்ளௌட்டில்லா நெல்லி என்ற சிஸ்டர் 14 வயதில் சேர்ந்தார். ஓவியத்தைத் தானாகவே கற்றுக்கொண்டார். மடத்துத் தலைவியாகவும் இருந்தார். இயேசுவின் கடைசி இராவுணவை ஏறக்குறைய 7 மீட்டர் நீளத்துக்கு வரைந்தார், தங்கள் மடத்துச் சாப்பாட்டு அறைக்காக. சீடர்கள் கையில் நரம்பு புடைத்திருக்கிறது, மேசையில் ஆட்டிறைச்சியும் கீரையும் அவரையும் இருக்கின்றன, விரிப்பின் மடிப்புகூடத் தெரிகிறது. படத்திலேயே பெயரைப் போட்டு, வரைந்தவளுக்காக மன்றாடுங்கள் என்று எழுதினார். ஆண்களைப் போல ஆளை நேரில் பார்த்து வரையப் படிக்க முடிந்திருந்தால் இன்னும் அற்புதங்கள் செய்திருப்பார் என்று, ஓவியர்களின் வாழ்க்கையை நூலாக எழுதிய வசாரி, நெல்லி உயிரோடு இருந்தபோதே எழுதிவிட்டார். ஆனாலும் அந்தப் படம் பழுதுபார்க்கப்பட்டு, 2019இல்தான் சாந்தா மரியா நொவெல்லா அருங்காட்சியகத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டது.

எல்லா மடமும் இப்படி இருந்தது என்று சொல்லவில்லை. உள்ளேயும் ஏற்றத்தாழ்வு உண்டு. குறைந்த பணம் கட்டிய ஏழைப் பெண்கள் சமையலும் சலவையும் செய்தார்கள், வசதியானவர்கள் பாடற்குழுவில் செபம் சொன்னார்கள். கலிலியோவின் மகளையே பாருங்கள். காலம் கொஞ்சம் பிந்தியதுதான், ஆனால் அவர் கடிதங்கள் 124 கிடைத்திருக்கின்றன. அப்பா அம்மா முறைப்படி கல்யாணம் செய்யாததால் இவருக்கு வரன் அமைவது கடினம். 1613இல், 13 வயதில், தங்கையோடு ஆர்ச்சேத்ரியில் ஓர் ஏழை மடத்தில் விடப்பட்டார். மரியா செலஸ்தே என்று பெயர் வைத்துக்கொண்டார். அவர்தான் மடத்து மருந்தறையைப் பார்த்துக்கொண்டார், அப்பாவுக்கு மாத்திரை உருட்டி அனுப்பினார், அவர் சட்டைக் கழுத்துப்பட்டைகளைத் துவைத்துத் தைத்தார். தனி அறை வாங்கப் பணம் கேட்டும் அப்பாவுக்கே எழுதினார். 1633இல் திருச்சபை விசாரணை மன்றம் கலிலியோவுக்குத் தண்டனையாக விதித்த, வாரந்தோறும் சொல்ல வேண்டிய ஏழு சங்கீதங்களையும் (பைபிளின் செபப் பாடல்கள்) தானே சொல்வதாக ஏற்றுக்கொண்டார். மறுவருடம் 33 வயதில் இறந்துபோனார். தள்ளிவிடப்பட்டவர்தான். ஆனால் அவரைப் பற்றி அந்த ஒரு வரியை மட்டும் சொல்லி முடித்தால் எனக்குத் தாங்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்கு ஆலய ஜூபிலிக்கு ஒரு மலர் போட்டார்கள். சாமியார்கள் எல்லோருக்கும் முழுப்பக்கப் படம், நன்கொடை தந்தவர்களுக்கு அரைப்பக்கம். எங்களுக்கெல்லாம் எழுத்தறிவித்த, ஊரே காய்ச்சலில் கிடந்தபோது வீடு வீடாக வந்த சிஸ்டர்களுக்கு ஒரே ஒரு குழுப்படம். அடியில் "அருட்சகோதரிகள்" என்று மட்டும் இருந்தது. ஒருவர் பெயரும் இல்லை. கேட்டதற்கு இடம் போதவில்லை என்றார்கள்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் ஒரு பெண் மடத்துக்குப் போகிறேன் என்று நிற்கிறாள் போலிருக்கிறது. தவறாக நினைத்திருந்தால் மன்னியுங்கள். அப்படி இருந்தால் அந்தக் காலத்தை வைத்து அவளை எடைபோடாதீர்கள். அக்கா சேர்ந்த சபை போன்றவற்றில் பயிற்சியே பல வருடம் நடக்கும், நீங்கள் போய்ப் பார்க்கலாம், அவளும் விடுமுறைக்கு வீட்டுக்கு வருவாள். இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கும்வரை திரும்பி வர வழி இருக்கிறது. அக்காவோடு சேர்ந்தவர்களில் சிலர் அப்படி வந்து, கல்யாணமாகி, பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அக்காவோடு இன்றும் போனில் பேசுகிறார்கள்.