இழுக்கும், நிறுத்துமா? டபுள் கெப், ட்ரெய்லர்: கேள்வி பதில்

குச்சவெளியில் மீன்பிடிக்கிறேன். 19 அடி ஃபைபர் படகு, 40 குதிரைவலு எஞ்சின். வாடைக் காலத்தில் படகைத் திருகோணமலை உள்துறைமுகப் பக்கம் கொண்டுவர ஒவ்வொரு முறையும் உழவு இயந்திரம் தேட வேண்டியிருக்கிறது. பழைய டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்) ஒன்று வாங்க எண்ணம். எதை வாங்கலாம்?

வாகனத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் சுமையை நிறுங்கள். லொறி நிறுக்கும் தராசு உள்ள அரிசி ஆலை ஒன்றில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். அதுவரைக்கும் ஒரு மனக்கணக்குப் போடுவோம். வெறும் படகு 500 கிலோ என்று வையுங்கள். எஞ்சின் 75. இரண்டு கலன்களில் 50 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 40. வலை, நங்கூரம், பெட்டிகள் 150. இரும்பு ட்ரெய்லர் 300. மொத்தம் 1,065 கிலோ. வலை நனைந்திருந்தால் இன்னும் கூடும். மார்கழி மழையில் நின்ற படகில் அடைப்பானைக் கழற்ற மறந்திருந்தால், தேங்கிய தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ வீதம் கணக்கில் ஏறும்.

இனி வாகனம். புதிய ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்றவற்றை விற்பவர்கள் 3,500 கிலோ இழுக்கும் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அது ட்ரெய்லருக்கும் தனியாக பிரேக் இருந்தால் மட்டுமே. பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் இந்த வகை வாகனங்களுக்குப் பொதுவாக 750 கிலோதான் எல்லை. நம் கரையில் ஓடும் ட்ரெய்லர்களில் பெரும்பாலானவை வெல்டிங் கடையில் பிறந்தவை. பிரேக் என்ற பேச்சே கிடையாது. உங்கள் 1,065 கிலோவை அப்படியொன்றில் ஏற்றினால், எந்த டபுள் கெப்பும் அதை இழுத்துக்கொண்டு ஓடும். புல்மோட்டை வீதியில் திடீரென ஒரு மாடு குறுக்கே வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஆகவே என் பதில்: நல்ல நிலையில் உள்ள எல்200, டி-மேக்ஸ், ஹைலக்ஸ் எதுவும் போதும். பெரிய எஞ்சினுக்காகக் கூடுதலாகக் கொடுக்க நினைத்த பணத்தை, தள்ளு பிரேக் உள்ள ட்ரெய்லருக்குக் கொடுங்கள். வாகனம் வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் முன்னே தள்ளுமல்லவா, அந்தத் தள்ளலே அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். மின்சார பிரேக்கும் உண்டு. கடல் தண்ணீரில் இறங்கும் ட்ரெய்லருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய வாகனம் என்றால், வெளியே மின்னும் வண்ணத்தைப் பார்த்து மயங்காமல் கீழே படுத்து செஸியை, அதாவது அடிச்சட்டத்தைத் தட்டிப் பாருங்கள், குறிப்பாகப் பின் அச்சுக்கு மேலே வளையும் இடத்தில். கணீரென்ற ஒலி வரவேண்டும். பொத்தென்று மண்பானை போலக் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கரையோர வாகனத்தை உப்பு உள்ளேயிருந்துதான் தின்னும்.

ஓட்டும்போது ட்ரெய்லர் வாலாட்டுகிறது. ஸ்பிரிங் பிளேட் ஒன்று கூடப் போட்டால் சரியாகுமா?

ஆகாது. வாகனத்தின் பின்புறம் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். செஸியும் பிரேக்கும் பழையவைதானே. உங்கள் படகு ட்ரெய்லரில் அதிகம் பின்தள்ளி இருக்கிறது என்று நினைக்கிறேன். எஞ்சினும் பின்னால் தொங்குவதால் ட்ரெய்லரின் மூக்கில் பாரமே இல்லை. மொத்த எடையில் பத்திலொரு பங்காவது, ட்ரெய்லரை வாகனத்தோடு இணைக்கும் கொளுவியின் மேல் அமர வேண்டும். ஆயிரம் கிலோவுக்கு இரண்டு சீமெந்துப் பை. படகை முன்னே நகர்த்துங்கள். அதுவரை ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

கொளுவிப் பந்தையும் அளந்து பாருங்கள். 50 மில்லிமீற்றர் பந்தும் இரண்டு அங்குலப் பந்தும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு அங்குலம் என்பது 50.8. பந்தின் மேல் கவிழும் ட்ரெய்லர்க் கிண்ணம் அந்த அளவில் இருந்தால், சிறிய பந்து உள்ளே லொடலொடக்கும். சிறிய கிண்ணத்தைப் பெரிய பந்தில் போட்டால் பூட்டு முழுதாக விழாது.

படகு இறக்க நான்கு சக்கர இயக்கம் கட்டாயமா?

வறண்ட கொங்கிரீட் சாய்தளம் என்றால் இல்லை. நிலாவெளி மணலும் பாசி பிடித்த சாய்தளமும் வேறு கதை. ஒருமுறை நான் கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வாகனம் சத்தமில்லாமல் பின்னே நகர ஆரம்பித்தது. பின்சக்கரம் சுழலவே இல்லை. சவர்க்காரத்தில் வைத்ததுபோல வழுக்கியது. கைபிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். அந்த இரண்டும்தான் அப்போது பாசியில் நின்றன. புகைபோக்கி தண்ணீருக்குள் குமிழிவிடத் தொடங்கியபோது பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் முன்சக்கரத்தடியில் ஒரு தென்னங்குற்றியை உருட்டிவிட்டார். அந்தக் குற்றி இன்றும் என் வாகனத்தில்தான் இருக்கிறது.

நான்கு சக்கரத்தின் தாழ் கியர் இருந்தால் கிளச் எரியாமல் ஏறலாம். மணலில் டயர்க் காற்றை 20 பவுண்டு அளவுக்குக் குறையுங்கள். தார் வீதிக்கு வந்ததும் நிரப்புங்கள். நான்கு சக்கர இயக்கத்தையும் அங்கேயே விடுவித்துவிடுங்கள்.

மகள் கனடாவில், அல்பர்ட்டாவில் இருக்கிறாள். இரண்டு குதிரைகள் ஏற்றும் ட்ரெய்லர் வாங்கியிருக்கிறாள், பிக்கப் பார்க்கிறாள். உவர்மலையிலிருந்து நான் என்ன ஆலோசனை சொல்வது?

இந்த ஊரிலிருந்து குதிரைக் கேள்வி வருமென்று நினைக்கவில்லை அம்மா. கணக்கு அதேதான், பெருக்கம் பெரியது. ஒரு குதிரை 500 கிலோ அளவில் வரும். இரண்டு குதிரை, ட்ரெய்லர், வைக்கோல், சேணம் எல்லாம் சேர்ந்து 2,500 கிலோ என்று வைத்தால், கொளுவியில் மட்டும் 250 முதல் 375 கிலோ அமரும். அந்தப் பாரம் பிக்கப் சுமக்கும் பாரத்தோடு சேரும். சாரதிக் கதவைத் திறந்தால் சட்டகத்தில் ஒரு சிட்டை ஒட்டியிருக்கும்: ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று. விளம்பரத்தில் உள்ள இழுவை எண்ணைவிட்டு அந்தச் சிட்டையை வாசிக்கச் சொல்லுங்கள். குடும்பத்தையும் ஏற்றிக் கொளுவிப் பாரத்தையும் கூட்டினால் பல பிக்கப்புகள் அங்கேயே தோற்றுவிடும்.

இன்னொன்று: படகு கட்டிய இடத்தில் கிடக்கும். குதிரை நின்றுகொண்டே வரும், கால் மாற்றும், வளைவில் சாயும். ஆகவே முன், பின் சக்கரங்களுக்கிடையே நீளம் கூடிய பிக்கப் நல்லது. ட்ரெய்லரின் மின்சார பிரேக்கை ஆளும் கருவி வாகனத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

ஆட்டோ கியரா, மெனுவலா?

ட்ரெய்லரைப் பின்னோக்கித் தள்ளிப் பழகாதவருக்கு ஆட்டோ. கியர் எண்ணெய்க்குக் குளிரூட்டி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நீர்கொழும்பிலிருந்து படகைக் கொண்டுவந்து இறக்கிய மறுவாரமே பெயாரிங் போய்விட்டது. புதியதுதான் போட்டிருந்தேன்.

வந்த சூட்டோடு தண்ணீரில் இறக்கியிருப்பீர்கள். நீண்ட ஓட்டத்தில், பெயாரிங் இருக்கும் சக்கரக் குடம் சூடாகும். சட்டென்று கடலில் அமிழ்ந்தால் உள்ளே உள்ள காற்று சுருங்கி உப்புத் தண்ணீரை உறிஞ்சும். கழற்றிய கிறீஸ் பால் தேநீர் நிறத்தில் இருந்திருக்குமே? அதுதான் அடையாளம். அடுத்த முறை குடத்தில் கை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காவிட்டால் கரையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு இறக்குங்கள். ஏற்றியபின் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே யானை குறுக்கிடும் வீதி அது. ட்ரெய்லரோடு சட்டென்று நிற்கவும் முடியாது, பின்னே எடுக்கவும் முடியாது. விடிந்த பிறகு புறப்படுங்கள்.